வெளிநாட்டு உறவினரும் பாதுகாப்பு அனுமதியும்: ஐக்கிய அமெரிக்காவில் குடியேறிக் குடியுரிமை பெற்றோரின் வரலாறு

ஐக்கிய அமெரிக்காவில் அரசின் இரகசியத் தகவல்களைக் கையாளும் பணியில் சேர்வோர் பாதுகாப்பு அனுமதி பெற வேண்டும். படைவீரர், தூதரக அலுவலர், அணு ஆய்வகத்தின் அறிவியலாளர், பாதுகாப்புத் துறையின் ஒப்பந்த நிறுவனத்தில் வேலை செய்யும் மென்பொருள் பொறியாளர் என எல்லோருக்கும் இது பொருந்தும். அனுமதி மறுக்கப்பட்டாலோ திரும்பப் பெறப்பட்டாலோ பெரும்பாலும் வேலையும் போய்விடும். விண்ணப்பதாரரின் கடன், குற்றப் பின்னணி, போதைப்பொருள் பழக்கம் போன்றவற்றோடு அவருடைய வெளிநாட்டு உறவுகளும் ஆராயப்படுகின்றன. வேறு நாட்டில் பிறந்து அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர்களுக்குப் பெரும்பாலும் இதுவே கடினமான பகுதி. அவர்களுடைய பெற்றோரும் உடன்பிறந்தோரும் பிறந்த நாட்டிலேயே வாழ்வது இயல்பு. அந்த இயல்பான நிலையை அரசு எப்போது ஆபத்தாகக் கண்டது, எப்போது பயனாகக் கண்டது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

அச்சத்தின் அடிப்படை

வெளிநாட்டு உறவினர் பற்றிய அச்சத்தில் இரண்டு கூறுகள் உள்ளன. ஒன்று பற்று: தன் குடும்பம் வாழும் நாட்டுக்கு நன்மை செய்ய ஒருவர் தாமாகவே விரும்பலாம். மற்றொன்று மிரட்டல்: அந்நாட்டு உளவுத்துறை அவருடைய தாயையோ தம்பியையோ பணயமாக்கி அவரைப் பணிய வைக்கலாம். இரண்டாவது அச்சத்துக்கு அவர் நேர்மையற்றவராக இருக்க வேண்டியதில்லை. குடும்பத்தின் மீது அன்புள்ளவராக இருந்தாலே போதும்.

இது வெறும் கற்பனை அன்று என்பதற்கு வில்லியம் சீபோல்டின் வரலாறு சான்று. ஜெர்மனியில் பிறந்த சீபோல்ட் 1936-ல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். 1939-ல் தாயைப் பார்க்க ஜெர்மனி சென்றபோது நாட்சி உளவுத்துறையினர் அவரை நெருங்கி, அமெரிக்காவில் தங்களுக்காக உளவு பார்க்க வற்புறுத்தினர். அங்கிருந்த குடும்பத்தினருக்குத் தீங்கு நேரும் என்ற அச்சத்தில் அவர் இணங்கினார். ஆனால் ஜெர்மனியை விட்டுப் புறப்படும் முன்பே கொலோன் நகரிலிருந்த அமெரிக்கத் துணைத்தூதரகத்துக்குச் சென்று நடந்ததைத் தெரிவித்தார். 1940-ல் நாடு திரும்பி எஃப்பிஐ-யின் இரட்டை உளவாளியாகச் செயல்பட்டார். அவர் உதவியால் 1941-ல் டியூகேன் உளவு வலையமைப்பைச் சேர்ந்த 33 பேர் பிடிபட்டனர். அனைவரும் தண்டனை பெற்றனர். பாதுகாப்பு விதிகள் அஞ்சும் மிரட்டல் சீபோல்டுக்கு அப்படியே நிகழ்ந்தது. விளைவோ நேர்மாறாக அமைந்தது. மிரட்டலைத் தயங்காமல் தெரிவிக்க அவருக்கு ஓர் இடம் இருந்ததே அதற்குக் காரணம்.

இரண்டாம் உலகப் போர்

போர்க்காலத்தில் அமெரிக்கப் படைக்கு எதிரியின் மொழி தெரிந்தவர்கள் தேவைப்பட்டனர். அம்மொழியை நன்கு அறிந்தவர்களுக்கு எதிரி நாட்டில் உறவினர் இருப்பதும் இயல்பாக இருந்தது. மேரிலாந்து மாநிலத்தில் 1942-ல் தொடங்கப்பட்ட ரிச்சி முகாமில் ஏறத்தாழ 20,000 பேர் உளவுப் பயிற்சி பெற்றனர். நாட்சி ஆட்சியிலிருந்து தப்பி வந்த யூத இளைஞர் பலர் அவர்களில் அடங்குவர். பின்னாளில் வெளியுறவுச் செயலரான ஹென்றி கிசிஞ்சரும் ஜெர்மனியில் பிறந்து, படைப்பணியின்போது 1943-ல் குடியுரிமை பெற்று, படையின் எதிர் உளவுப் பிரிவில் பணியாற்றியவரே.

ஜப்பானிய வழியினரின் நிலை வேறாக இருந்தது. அக்காலச் சட்டத்தின்படி ஜப்பானில் பிறந்தவர்கள் அமெரிக்கக் குடியுரிமை பெற முடியாது. இந்தியர்களுக்கும் அதே தடையை 1923-ல் பகத்சிங் திந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்திருந்தது. இந்தியர்களுக்கான தடை 1946-ல் நீங்கியது. இன அடிப்படையிலான தடை முழுவதும் நீங்க 1952 வரை ஆயிற்று. 1942 பிப்ரவரியில் அதிபர் ரூசவெல்ட் பிறப்பித்த ஆணை எண் 9066-இன் விளைவாக ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வழியினர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்களே அவர்களில் பெரும்பான்மையினர்.

அதே காலத்தில் படையின் ஜப்பானிய மொழிப் பள்ளிக்கு இந்தச் சமூகத்தின் இளைஞர்களே தேவைப்பட்டனர். அப்பள்ளி 1941 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கி, அடுத்த ஆண்டு மினசோட்டா மாநிலத்துக்கு மாற்றப்பட்டது. அமெரிக்காவில் பிறந்து ஜப்பானில் பள்ளிப்படிப்பு முடித்துத் திரும்பிய 'கிபேய்' பிரிவினரே மொழியில் மிகத் தேர்ந்தவர்கள். அரசு மிகுதியாக ஐயுற்றதும் அவர்களையே. பெற்றோர் அமெரிக்க முள்வேலிக்குள்ளும் மற்ற உறவினர் ஜப்பானிலும் இருக்க, இம்மொழிப் பிரிவினர் பசிபிக் போர்முனையில் எதிரியின் ஆவணங்களை மொழிபெயர்த்தனர்.

பனிப்போர்

போருக்குப் பின் ஐயம் நிலையான நிருவாக அமைப்பாக மாறியது. 1947 மார்ச்சில் அதிபர் ட்ரூமன் அரசு ஊழியருக்கான விசுவாசச் சோதனைத் திட்டத்தைத் தொடங்கினார். 1953 ஏப்ரலில் அதிபர் ஐசனோவர் ஆணை எண் 10450-ஐப் பிறப்பித்தார். ஒருவர் விசுவாசமற்றவர் என்று காட்டினால்தான் விலக்கலாம் என்ற நிலை போய், அவரைப் பணியில் வைத்திருப்பது நாட்டின் பாதுகாப்போடு தெளிவாகப் பொருந்துகிறதா என்பதே இனிக் கேள்வியாயிற்று. சட்டச் சொற்களில் சிறியதாகத் தோன்றும் இம்மாற்றத்தால், ஒருவர் தவறேதும் செய்யாமலே, சூழ்நிலையின் காரணமாகத் தகுதி இழக்க முடிந்தது.

இக்காலத்தின் பெரிய இழப்பு சியென் சூ-சென் என்ற அறிவியலாளருடையது. சீனாவில் பிறந்த அவர் 1935-ல் அமெரிக்காவுக்குப் படிக்க வந்தார். கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ஏவூர்தி ஆய்வின் முன்னோடிகளில் ஒருவரானார். போரின்போது சீனக் குடிமகனாக இருந்தே இரகசியப் பணிகளுக்கு அனுமதி பெற்றிருந்தார். அன்று சீனா நட்பு நாடு. 1949-ல் அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தார். அதே ஆண்டு சீனாவில் பொதுவுடைமைக் கட்சி ஆட்சியைப் பிடித்தது. 1950 ஜூனில், 1930-களில் அவர் கலந்துகொண்ட கூட்டங்கள் பொதுவுடைமைக் கட்சிக் கூட்டங்கள் எனக் குற்றஞ்சாட்டி அவருடைய அனுமதி பறிக்கப்பட்டது. முதிய தந்தையைக் காணச் சீனா செல்ல அவர் முனைந்தபோது தடுத்துக் காவலில் வைக்கப்பட்டார். விடுவிக்கப்பட்ட பிறகும் ஐந்து ஆண்டுகள் கண்காணிப்பில் வாழ்ந்து, 1955-ல் சீனா அனுப்பப்பட்டார். அங்கே அந்நாட்டின் ஏவுகணைத் திட்டத்தை உருவாக்கினார். 2009-ல் காலமானார்.

ஐயம் குடும்பத்தின் வழியாக எவ்வளவு தூரம் பரவும் என்பதை மைலோ ரடுலோவிச் வழக்கு காட்டியது. அவர் டெட்ராய்ட்டில் பிறந்த, விமானப்படையின் சேமப்படை அலுவலர். 1953-ல் அவரைப் பாதுகாப்புக்கு இடரானவர் என்று விமானப்படை கருதியது. அவருடைய விசுவாசத்தை யாரும் கேள்வி கேட்கவில்லை. குடியேறியவரான தந்தை செர்பிய மொழிச் செய்தித்தாள் ஒன்றை வாங்கிப் படித்தார் என்பதும் சகோதரியின் அரசியல் சார்புமே காரணங்கள். குடும்பத்தைத் துறக்க அவர் மறுத்தார். 1953 அக்டோபர் 20 அன்று எட்வர்டு மர்ரோ தம் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இதை வெளிக்கொணர்ந்தார். நவம்பரில் விமானப்படைச் செயலர் அந்த முடிவை மாற்றினார்.

அடுத்த ஆண்டு நடந்த ஓப்பன்ஹைமர் விசாரணையில் வேறொரு முரண் வெளிப்பட்டது. நியூயார்க்கில் பிறந்த ராபர்ட் ஓப்பன்ஹைமரின் அனுமதி 1954-ல் பறிக்கப்பட்டது. மனைவி, தம்பி ஆகியோரின் முந்தைய பொதுவுடைமைத் தொடர்புகளும் அவருக்கு எதிரான குற்றச்சாட்டுகளில் இடம்பெற்றன. அவருக்கு எதிராகச் சாட்சி சொன்ன எட்வர்டு டெல்லர் புடாபெஸ்டில் பிறந்து 1941-ல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். அவருடைய தாயும் சகோதரியும் அப்போது பொதுவுடைமை ஆட்சியின் கீழ் அங்கேரியில் இருந்தனர். 1959-ல்தான் அவர்களால் அமெரிக்கா வர முடிந்தது. எதிரி அணியின் பிடியில் நெருங்கிய உறவினரை வைத்திருந்த டெல்லர் ஹைட்ரஜன் குண்டுத் திட்டத்தின் மையத்தில் நம்பிக்கைக்குரியவராகத் தொடர்ந்தார். உறவினர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதைவிட, அந்த மனிதர் அரசுக்கு எவ்வளவு தேவைப்படுகிறார், அவருடைய அரசியல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பவையே அன்று முடிவைத் தீர்மானித்தன.

நீதிமன்றங்கள் வகுத்த எல்லை

1959-ல் கிரீன் எதிர் மெக்கெல்ராய் வழக்கை உச்ச நீதிமன்றம் தீர்த்தது. முன்னாள் மனைவியின் தொடர்புகள், சோவியத் தூதரக அலுவலர்களோடு பழகியது முதலிய காரணங்களால் ஒரு விமான நிறுவனத்தின் பொறியாளர் அனுமதியையும் வேலையையும் இழந்திருந்தார். தம்மைக் குற்றஞ்சாட்டியவர்களை நேரில் விசாரிக்க அவருக்கு வாய்ப்பு அளிக்கப்படவில்லை. அத்தகைய நடைமுறைக்கு அதிபரோ நாடாளுமன்றமோ அதிகாரம் அளிக்கவில்லை என்று நீதிமன்றம் கூறியது. இதன் விளைவாக 1960 பிப்ரவரியில் அதிபர் ஆணை எண் 10865 வந்தது. ஒப்பந்த நிறுவன ஊழியர்கள் குற்றச்சாட்டுகளை எழுத்தில் பெறவும், விசாரணையில் பதிலளிக்கவும் அது வழிசெய்தது. இன்றும் அவ்விசாரணைகள் இந்த ஆணையின்படியே நடக்கின்றன.

1964-ல் ஷ்னைடர் எதிர் ரஸ்க் வழக்கு வந்தது. குடியுரிமை பெற்ற ஒருவர் பிறந்த நாட்டுக்குத் திரும்பி மூன்று ஆண்டுகள் வாழ்ந்தால் குடியுரிமையை இழப்பார் என்றிருந்த சட்டத்தை உச்ச நீதிமன்றம் நீக்கியது. அதிபர் பதவிக்கான தகுதி தவிர, பிறப்பால் குடிமகனும் குடியேறிக் குடிமகனானவரும் சமம் என்பது அதன் நிலைப்பாடு.

1988-ஆம் ஆண்டு இரு திசைகளில் செல்லும் இரண்டு தீர்ப்புகளைத் தந்தது. கடற்படைத் துறை எதிர் ஈகன் வழக்கில், பாதுகாப்பு அனுமதி பெறுவது எவருக்கும் உரிமை அன்று என்றும், அம்முடிவின் சரி தவறை வெளி வாரியம் மறு ஆய்வு செய்ய முடியாது என்றும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஹுவின் எதிர் கார்லூச்சி வழக்கு வாஷிங்டன் மாவட்ட நீதிமன்றத்தில் நடந்தது. பகை நாடுகள் எனப் பட்டியலிடப்பட்ட நாடுகளிலிருந்து வந்து குடியுரிமை பெற்றோர், ஐந்து ஆண்டுகள் குடிமக்களாகவோ பத்து ஆண்டுகள் அமெரிக்காவில் வசித்தவர்களாகவோ இருந்தால் மட்டுமே அனுமதி பெறலாம் என்று பாதுகாப்புத் துறை விதித்திருந்தது. குடிமக்களுக்கிடையே பாகுபாடு காட்டுவதால் இவ்விதி அரசமைப்புக்கு முரணானது என நீதிமன்றம் கண்டது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நீதிமன்றங்களின் எல்லை தெளிவாகிறது. ஒரு பிரிவினரை முழுமையாக ஒதுக்கும் பொது விதியை அவை கேள்வி கேட்கும். தனி ஒருவருக்கு அனுமதி மறுக்கப்பட்டால் அந்த முடிவு சரியா என்று பெரும்பாலும் ஆராயா.

உளவு வழக்குகள் காட்டுவது

வெளிநாட்டில் பிறந்தோரே உளவாளிகளாகின்றனர் என்ற எண்ணத்துக்கு வரலாறு கலவையான பதில் தருகிறது. சிஐஏ-வில் மொழிபெயர்ப்பாளராக இருந்த லாரி வூ-டாய் சின் பெய்ஜிங்கில் பிறந்து 1965-ல் குடியுரிமை பெற்றவர். பல ஆண்டுகள் சீனாவுக்கு உளவு பார்த்து 1985-ல் கைதானார். செக்கோசுலோவாக்கியாவிலிருந்து வந்து 1971-ல் குடியுரிமை பெற்ற கார்ல் கோச்சர் தொடக்கம் முதலே அந்நாட்டு உளவாளி. ஆனால் மிகப் பெரிய சேதம் விளைவித்த ஜான் வாக்கர், ஆல்ட்ரிச் ஏம்ஸ், ராபர்ட் ஹான்சன் மூவரும் அமெரிக்காவில் பிறந்தவர்கள். பணம் பெற்றே அவர்கள் நாட்டைக் காட்டிக்கொடுத்தனர். கியூபாவுக்கு உளவு பார்த்து 2001-ல் கைதான ஆனா மோன்டெசின் உடன்பிறந்தோர் எஃப்பிஐ-யிலேயே பணியாற்றினர்.

மும்பையில் பிறந்து அமெரிக்கக் குடிமகனான நோஷிர் கோவாடியா பி-2 குண்டுவீச்சு விமானத்தின் வடிவமைப்பில் பங்காற்றிய பொறியாளர். அவர் இரகசியத் தொழில்நுட்பத்தை விற்றது பிறந்த நாடான இந்தியாவுக்கு அன்று, சீனாவுக்கு. பணமே நோக்கம். 2011-ல் அவருக்கு 32 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

மறுபக்கமும் உண்டு. 1990-க்குப் பிந்தைய உளவு வழக்குகளில் குடியேறிக் குடியுரிமை பெற்றோர், வெளிநாட்டுத் தொடர்புள்ளோர் ஆகியோரின் பங்கு முன்பைவிட உயர்ந்ததாகப் பாதுகாப்புத் துறையின் ஆய்வுகள் காட்டின. பணத்தைவிடப் பிளவுபட்ட பற்றே நோக்கமாக அமைந்த வழக்குகளும் கூடின. ஆகவே வெளிநாட்டு உறவு பற்றிய கேள்வியை வெறும் இனவெறுப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. அக்கேள்வியை எப்படிக் கேட்பது என்பதே சிக்கல்.

தடையிலிருந்து மதிப்பீட்டுக்கு

1995 ஆகஸ்டில் அதிபர் கிளிண்டன் பிறப்பித்த ஆணை எண் 12968 அனுமதி முறையைச் சீர்ப்படுத்தியது. இனம், மதம், பால், பூர்வீக நாடு முதலியவற்றின் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்றது. அதே சமயம், ஐயம் எழுந்தால் நாட்டின் பாதுகாப்புக்குச் சாதகமாகவே தீர்க்க வேண்டும் என்றும் சொன்னது. 1997-ல் எல்லாத் துறைகளுக்கும் பொதுவான 13 நெறிகள் வகுக்கப்பட்டன. அவற்றில் இரண்டாவது 'வெளிநாட்டுச் செல்வாக்கு'. நெருங்கிய குடும்ப உறுப்பினர் ஒருவர் வேறு நாட்டின் குடிமகனாகவோ அங்கே வசிப்பவராகவோ இருப்பதே கவலைக்குரிய நிலையாக அதில் கூறப்பட்டது.

2005 டிசம்பரில் திருத்தப்பட்ட நெறிகள் இதை மாற்றின. உறவினர் வெளிநாட்டில் இருப்பது மட்டும் போதாது. அவ்வுறவு மிரட்டலுக்கோ சுரண்டலுக்கோ கூடுதலான இடரை உண்டாக்குகிறதா என்பதே அளவுகோலாயிற்று. 2008 அக்டோபரில் உளவுத்துறைகளும் மாறின. அதுவரை மிக உயர்ந்த நிலை உளவுத் தகவல்களை அணுகுவோரின் நெருங்கிய குடும்பத்தினரும் அமெரிக்கக் குடிமக்களாக இருக்க வேண்டும். விலக்கு அரிதாகவே கிடைக்கும். தேசிய உளவுத்துறை இயக்குநர் மைக் மெக்கோனல் வெளியிட்ட புதிய ஆணை இத்தடையை நீக்கி, தனித்தனியே இடரை மதிப்பிடச் சொன்னது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் அரபு, பாஷ்டோ போன்ற மொழிகள் தெரிந்தோருக்கு ஏற்பட்ட பஞ்சம் இதற்கு முக்கியக் காரணம். இன்று நடப்பிலுள்ள நெறிகள் 2017 ஜூனில் செயலுக்கு வந்தன. இரட்டைக் குடியுரிமை மட்டுமே தகுதியிழப்பு ஆகாது என்றும் அவை கூறுகின்றன.

இன்றைய நடைமுறை

விண்ணப்பதாரர் 'எஸ்எஃப்-86' என்னும் நீண்ட படிவத்தை நிரப்ப வேண்டும். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள், மாமனார், மாமியார் ஆகியோரின் குடியுரிமை, வசிப்பிடம், வேலை, எத்தனை நாளுக்கு ஒரு முறை பேசுகிறார், அவர்களுக்கு அரசோடோ படையோடோ தொடர்பு உண்டா என எல்லாம் கேட்கப்படும். ஐயம் எழுந்தால் ஒப்பந்த நிறுவன ஊழியரின் வழக்கு பாதுகாப்புத் துறையின் விசாரணை, மேல்முறையீட்டு அலுவலகத்தின் நிர்வாக நீதிபதி முன் செல்லும். இவ்வலுவலகத்தின் தீர்ப்புகள் விண்ணப்பதாரரின் பெயரின்றி வெளியிடப்படுகின்றன.

இந்தியாவில் பிறந்தோரின் வழக்குகளும் இவற்றில் பல. ஓய்வுபெற்ற அரசு ஊழியரான தந்தை வாங்கும் ஓய்வூதியம், பெற்றோருக்கு மாதந்தோறும் அனுப்பும் பணம், ஊரில் உள்ள வீட்டில் வரவிருக்கும் பங்கு ஆகியவை அங்கே சான்றுகளாகின்றன. தமிழ்க் குடும்பங்களில் கடமையாகக் கருதப்படும் செயல்கள் அங்கே பற்றின் அளவைக் காட்டும் தரவுகள். உறவினரின் நாடு எப்படிப்பட்டது என்பதையும் நீதிபதி கணக்கில் கொள்வார். நட்பு நாடாக இருப்பது உதவும்; ஆனால் நட்பு நாடுகளும் தொழில்நுட்ப இரகசியங்களைத் தேடக்கூடும் என்பதால் அது மட்டும் போதாது. அமெரிக்காவில் வாழ்ந்த காலம், இங்குள்ள மனைவி மக்கள், வீடு, சேமிப்பு, சமூக உறவுகள் ஆகியவை ஆழமாக வேரூன்றியிருந்தால் அவை எதிர்த்தட்டில் வைக்கப்படும். நெருங்கிய குடும்பத்தினர் மீது பாசம் உண்டு என்றே சட்டம் கருதுகிறது. வாழ்க்கைத் துணையின் பெற்றோருக்கும் அது பொருந்தும். அவ்வாறு இல்லை என்று காட்ட வேண்டியவர் விண்ணப்பதாரரே.

முடியாத விவாதம்

விதிகள் மாறினாலும் பழைய பழக்கம் வேறு வடிவில் தொடர்ந்தது. 2001-க்குப் பின் எஃப்பிஐ, வெளிநாட்டில் பிறந்த தன் ஊழியர் பலரைப் பணியில் சேர்ந்த பிறகும் தனிக் கண்காணிப்பில் வைத்திருந்தது 2015-ல் பரவலாகத் தெரியவந்தது. முக்கிய மொழிகளை அறிந்த குடியேறியோரைப் படையில் சேர்த்து விரைவில் குடியுரிமை வழங்கும் திட்டம் ஒன்று 2009-ல் தொடங்கியது. அதன் மொழிப் பட்டியலில் தமிழும் சிங்களமும் மலையாளமும் இருந்தன. 10,000-க்கும் மேற்பட்டோர் சேர்ந்தனர். 2016-ல் புதிய சேர்க்கை நின்றது. ஏற்கெனவே குடிமக்களாகிவிட்ட வீரர்களும் தொடர் கண்காணிப்புக்கு உள்ளாயினர். தனிப்பட்ட ஐயம் ஏதுமின்றி, குடியேறிக் குடியுரிமை பெற்றவர்கள் என்பதால் அவர்களை வேறாக நடத்துவது சமப் பாதுகாப்புக்கு முரண் என்று 2019 ஜனவரியில் சியாட்டில் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வெளியுறவுத் துறையில் சில அலுவலர்கள் தங்கள் பூர்வீக நாடு தொடர்பான பணிகளிலிருந்து விலக்கப்பட்டனர். கொரியக் குடியேறியோரின் மகனான ஆண்டி கிம், தாம் அத்துறையில் பணியாற்றியபோது கொரியா தொடர்பான பணி தமக்குத் தடுக்கப்பட்டதை நாடாளுமன்ற உறுப்பினரான பின் வெளிப்படுத்தினார். 2023 மார்ச்சில் வெளியுறவுச் செயலர் ஆண்டனி பிளிங்கன் இக்கட்டுப்பாட்டு முறையை முடிவுக்குக் கொண்டுவந்தார்.

மதிப்பீடு

எண்பது ஆண்டுகளில் 'உறவினர் இருக்கிறாரா' என்ற கேள்வி 'அவ்வுறவு என்ன இடரைத் தருகிறது' என்ற கேள்வியாக மாறியது. இது உண்மையான முன்னேற்றம். ஆனால் அந்த இடரை அளக்கும் கோல் நிலையானதன்று. 1945-ல் நட்பு நாடாக இருந்த சீனா 1950-ல் பகை நாடானது. சியெனின் தந்தை அதே மனிதராகவே இருந்தார். மகனோடு அவருக்கிருந்த உறவுதான் அரசின் கண்ணில் வேறாயிற்று. நாடுகளின் உறவு கெடும்போதெல்லாம் அதன் விலையைக் குடியேறியவர் கொடுக்கிறார்.

இன்றைய நெறிகள் வெளிநாட்டுத் தொடர்புகளை மறைக்காமல் உடனுக்குடன் தெரிவிப்பதைச் சாதகமாகக் கருதுகின்றன. சீபோல்டின் வரலாறு காட்டும் பாடமும் அதுவே. வெளிநாட்டில் தாய் இருப்பதற்காகவே ஒருவர் தண்டிக்கப்படுவார் என்றால், தாய்க்கு மிரட்டல் வரும் நாளில் அவர் வாய் திறக்கமாட்டார். உறவைச் சொன்னால் நியாயமாக எடைபோடுவார்கள் என்ற நம்பிக்கை இருந்தால் அன்று முதலில் தம் அரசிடமே செல்வார். அந்த நம்பிக்கையைக் காப்பது குடியேறிய குடிமகனுக்கு மட்டுமன்றி, அவரை நம்பி இரகசியங்களை ஒப்படைக்கும் நாட்டுக்கும் பாதுகாப்பாகும்.